மோசமில்ல

நூர் முகம்மது ராவுத்தருக்கு மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு பார்க்கிற வேலை. விற்க வந்தவன் எதிரே நிற்பான். ராவுத்தர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் தேய்ப்பார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். மட்டமான சரக்கென்றால் துப்பிவிடுவார். முதல்தரமான சரக்கென்றால், "மோசமில்ல."

அவ்வளவுதான். வாங்குகிற சேட்டுக்காகப் பார்க்கிறவர் வாய்விட்டுப் புகழ்ந்தால், விற்கிறவன் விலையை ஏற்றிவிட மாட்டானா? அப்படிப் பழகிய வாய் வீட்டில் மட்டும் மாறுமா என்ன! பெண்சாதி லதீஃபா விடிய எழுந்து ஆக்கிய பெருநாள் பிரியாணி மோசமில்ல. மகன் சிகாபுதீனுக்குக் காயலுக்கு நடுவே இருக்கிற தீவில் துறைமுக உத்தியோகம் கிடைத்ததும் மோசமில்ல. மற்றவர்களின் 'பிரமாதம்'தான் ராவுத்தரின் 'மோசமில்ல' என்று தெரு முழுக்கத் தெரியும். வெளியூர்க்காரனுக்குத் தெரியுமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் பாலக்காட்டிலிருந்து இரண்டு பேர் கிடங்குக்கு வந்தார்கள். ராவுத்தரின் பக்கத்து வீட்டு ஆரிஃபாவின் மகள் சுல்ஃபத்தைப் பெண் கேட்டிருந்தார்கள். தகப்பன் இல்லாத பெண். இந்த மாதிரிக் காரியத்தில் பெண் வீட்டுக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பது வழக்கம்தானே.

"பொண்ணு எப்பிடி பாய்?"

நாக்கில் மிளகுக் காரம். கை மூட்டைக்குள். "மோசமில்ல" என்றார் ராவுத்தர்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரவழைத்த சாயாவைக்கூடத் தொடவில்லை. அடுத்த வாரம் கல்யாணத் தரகர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்ன சொன்னீங்க பாய்? பக்கத்து வீட்டுப் பெரியவரே இழுக்கிறாரு, என்னமோ இருக்குன்னு வேண்டாம்னுட்டாங்க."

லதீஃபா கேட்டதும் கரண்டியைத் தூக்கிப் போட்டாள். "பாவி மனுசா! அவ என்ன மிளகு மூட்டையா? எனக்கு டைபாய்டு வந்தப்போ ராத்திரியெல்லாம் ஈரத்துணி போட்டது யாரு? பெத்த பொண்ணு செய்வாளா அப்பிடி!"

 ராவுத்தர் மறுநாளே ரயிலேறினார். பாலக்காட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொன்னார். தங்கம் என்றார், குணவதி என்றார், கைப்பக்குவம் என்றார். சொல்லச் சொல்ல அவர் காதுக்கே அது தரகன் பேச்சாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகாத மகன் இருக்கான்ல? இவ்வளவு தங்கமான பொண்ண அவனுக்கே எடுத்திருக்கலாமே பாய்?"

ராவுத்தர் எழுந்து செருப்பைத் தேடினார். சிகாபுதீனுக்கு மரக்கடைக்காரர் மகளை மனதுக்குள் முடித்து வைத்திருந்தார். ஆரிஃபாவால் என்ன நகை போட முடியும்? திரும்பி வருகிற வழியெல்லாம், வாய்ப் பழக்கம்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணை என்றைக்கோ எடைபோட்டு ஓரமாக வைத்தவர்தானே அவர்! வெட்கமாக இருந்தது. ஆரிஃபாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிகாபுதீனுக்கு மரக்கடைக்காரர் மகளே வந்தாள்.

அறுபதில் தோப்பும்படியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மீன் வியாபாரி, பெண்சாதி மௌத்தாகி இரண்டாந்தாரம் தேடுகிறவர், இரண்டு பிள்ளைகள். ஆரிஃபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, எங்களுக்கு வேற யாரு இருக்கா? நீங்க விசாரிச்சுச் சொன்னா போதும்."

ராவுத்தர் தோப்பும்படிக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்தார். குடி கிடையாது. கை நீட்டுகிற ஆள் இல்லை. ஆனால் கஞ்சன், சிடுமூஞ்சி, சுல்ஃபத்தைவிடப் பதினைந்து வயது மூத்தவன். ரொம்ப நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் தள்ள முடியாது. ஆயுளில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அதன் சரியான அளவுக்குச் சொன்னார்.

"மோசமில்ல, ஆரிஃபா."

ஆரிஃபாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! உங்க வாயால அப்பிடி வந்தா வேறென்ன அண்ணே வேணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுல்ஃபத்து, சுல்ஃபத்து" என்று கூப்பிட்டபடி ஓடினாள்.

நில்லு ஆரிஃபா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பாலக்காட்டுக் கதையையும் சொல்ல வேண்டிவரும். ராவுத்தர் எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. சாட்சிக் கையெழுத்து ராவுத்தருடையது.