ஜஸ்டஸின் பென்சில்

ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதிக்கும்போது ஜஸ்டஸ் தொப்பியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார். வாயைத் திறந்தால் தொப்பி போய்விடும். ஆகையால் வழியில் யார் நலம் கேட்டாலும் மணியை ஒருமுறை அடிப்பதோடு சரி.

ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. நுரையீரலில் புற்று என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னபின் வீட்டுக்குப் போய்விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பார்த்து எழுதிவர வேண்டும். கோட்டாறு முதல் ஆரல்வாய்மொழிக் கணவாய்வரை இருபத்துமூன்று வீடுகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நோயின் நிலை ஒன்றா, இரண்டா, மூன்றா என்று டாக்டர் குறித்திருப்பார்.

"மூணுன்னா ரெண்டு தடவை போனாப் போதும். ரெண்டுன்னா ஒரு வருசம் போவணும். ஒண்ணுக்குத்தான் மக்கா சைக்கிளுக்கு டயர் மாத்தணும்," என்கிறார் ஜஸ்டஸ்.

உயிரோடு இருப்பவர்களைப் பேனாவால் எழுதுவார். இறந்தவர்களைப் பென்சிலால். மாற்றியல்லவா எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"செத்தாச்சுன்னு சொல்லுகதுல பாதி பொய்யாக்கும்."

அவர் சைக்கிள் நின்ற வீட்டில் மூன்று மாதத்தில் பந்தல் போடவேண்டி வரும் என்று ஊரில் பேச்சு. இனி அவர் வராமலிருக்க ஒரே வழி, ஆளைப் புறவாசலில் உட்காரவைத்துவிட்டு முன்வாசலில் கண்ணைத் துடைப்பது.

சென்ற வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். ஓர் ஓட்டுவீட்டு வாசலில் ஒருவர் பீடி குடித்துக்கொண்டு நின்றார். ஜஸ்டஸ் நோட்டைப் பார்த்தார். முத்துநாயகம், வயது ஐம்பத்திரண்டு, தினம் நாற்பது பீடி, இருமலில் ரத்தம், இடது பக்கம், நிலை ஒன்று.

"முத்துநாயகம் வீடு இதுதானா?"

"அவன் போயிட்டான் வே. போன வெள்ளிக்கெழம."

ஜஸ்டஸ் பென்சிலை எடுத்து எழுதினார்.

"இஞ்ச, கஞ்சி ஆறுது!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

பீடி பிடித்த விரல்களின் நுனிகள் மேளக்குச்சிபோல உருண்டு வீங்கியிருந்தன. இந்த நோய்க்காரர்கள் பலருக்கு அப்படி ஆகும். ஜஸ்டஸ் விரல்களைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"பாவம். கணவாய் தாண்டி, மதராஸ் ராஜ்யத்துப் பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் கட்டிலு கேட்டு வச்சிருந்தாரு. நெல ஒண்ணுல்லா? வெட்டி எடுத்தா பொழைக்கதுக்கு வழி உண்டு. திங்கக்கெழம போவணும். செரி, அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாவ."

சைக்கிளைத் திருப்பினார். பீடி கீழே விழுந்தது.

"ஓய், நில்லும்! இப்பம் அவன் வந்தா ஆஸ்பத்திரியில சேப்பாவளா?"

"புஸ்தகத்துல செத்தவன எப்பிடிவே கூட்டிட்டுப் போவது?"

ஜஸ்டஸ் நோட்டை சைக்கிள் சீட்டின் மேல் விரித்து, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார். முத்துநாயகம் அந்தத் தடித்த விரல்களால் தம் சாவை அழுத்தி அழுத்தி அழித்தார். தூளை ஊதப் பார்த்தார். மூச்சு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

இருமல் அடங்கும்வரை ஜஸ்டஸ் காத்திருந்தார். பிறகு குனிந்து மீதியை ஊதிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.