ஸ்டெல்லா அக்காவும் ஊர் பார்க்காத கேரவனும்

சிட்னியின் கிரவீனில் மகளை டியூஷனில் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் தாஸ் அண்ணனிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா போயிட்டா பிள்ளை" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அழவில்லை. பெர்த்திலிருந்து மகன் புறப்பட்டுவிட்டான், ஃபாதருக்குச் சொல்லியாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் தயங்கிக்கொண்டே, "கரவன் ஆக்களுக்கும் ஒருக்கால் சொல்லிவிடுறியோ? எல்லாம் அவவின்ர பேரிலதான் கிடக்கு. எனக்கு அவங்களோட கதைக்கிற தெம்பு இல்லை" என்றார்.

மறுநாள் காலையில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அந்தச் சக்கர வீட்டை விற்றவரின் சர்வீஸ் பிரிவுக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். செய்தியைச் சொன்னதும் வருத்தம் தெரிவித்தாள். உண்மையாகவே வருந்தினாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. வாரண்டி முதலில் வாங்கியவர் பெயருக்கு மட்டும்தான், அவர் இல்லாத பட்சத்தில் அது தொடருமா என்று மேலே கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாள். நான் நர்ஸ். எத்தனையோ சாவுகளைப் பார்த்தவள். ஆள் செத்தால் வாரண்டியும் கூடவே செத்துவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன். அதில் பாதி ஆத்திரம்.

டூங்கபி ஸ்டெல்லா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். மன்னாரிலிருந்து வந்தவர். மேற்கு சிட்னியில் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் ஓய்வு பெறும்வரை நர்ஸாக இருந்தார். தாஸ் அண்ணன் பஸ் ஓட்டினார். தமிழ்நாட்டிலிருந்து வந்து நான் வேலைக்குச் சேர்ந்தது அதே தியேட்டரில். அடக்கத் திருப்பலிக்குப் பிறகு பேசிய அத்தனை பேரும் அவருடைய பொறுமையைப் பற்றித்தான் பேசினார்கள். பொறுமையின் வடிவம் என்றார் ஒருவர். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தையை ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் ஏறியது.

ஏனென்றால் தியேட்டரில் நான் பார்த்த ஸ்டெல்லா அக்கா பொறுமைசாலியே இல்லை. ஒரு நாள் அறுவை சிகிச்சைக்கு எல்லாம் தயார். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். கருவிகள் சுற்றி வந்த துணியில் ஒரு மூலை லேசாக நனைந்திருந்தது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மூடித் திருப்பி அனுப்பிவிட்டார். ஈரம் பட்டால் கிருமி நீக்கியது வீண் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் அந்த அவசரத்தில், "கொஞ்சம் ஈரம்தானேக்கா" என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "ஈரம் எண்டால் ஈரம்தான். இதில கொஞ்சம் என்ன, கூட என்ன?" என்றார். வேறு தட்டு வரும்வரை எல்லாரும் காத்திருந்தோம். அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்: "அந்த மனிசன் மயங்கிக் கிடக்குது. அதால வாய் திறக்க ஏலாது. அதுக்காக நாங்கள்தான் கதைக்க வேணும்." தனக்கென்று வந்தபோது மட்டும் அந்த வாய் எங்கே போயிற்று?

ஓய்வு பெற்றதும் அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். வாழ்நாள் முழுக்க ராஸ்டர் என்ற ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து எழுந்து, ராஸ்டர் பார்த்துத் தூங்கி, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவை மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்தவர். "ஒரு கரவன் வாங்கிக் கடற்கரையோரமாய் வடக்க போறது. பிடிச்ச இடத்தில நிக்கிறது. பிடிக்காட்டி அடுத்த இடம். எத்தின மணிக்கு எழும்புறது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லப்படாது" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிடும். காருக்குப் பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டு ஓட்டுவது தாஸ் அண்ணனுக்குக் கைவந்த கலை. புத்தம் புதிதாக ஒரு கேரவனை வாங்கிவந்து வீட்டு முன்னால் நிறுத்தினார்கள்.

அந்த வாரமே மழை பெய்தது. கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப் பழுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து கேரவனை ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. டூங்கபி, பென்டில் ஹில், கிரவீன் என்று ஊர்ப்பட்ட பேருக்குச் சொல்லியாயிற்று. வேறு யாராவது என்றால் அன்றே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். நம்மவர்கள் செய்ததைக் கேளுங்கள். தாஸ் அண்ணன் கடைக்குப் போய் ஒழுகல் அடைக்கும் சிலிக்கன் பசை டியூப் வாங்கி வந்து ஜன்னலைச் சுற்றிலும் பூசினார். கறை தெரிந்த இடத்தில் அக்கா மாதா படத்தை மாட்டினார்.

அன்று நானும் போயிருந்தேன். ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஒரு ஆன்ட்டி ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடிப் பார்த்தார். இன்னொரு அங்கிள் கட்டிலில் சாய்ந்து பார்த்து, "மெத்தை நல்லாயிருக்குது" என்று சான்றிதழ் கொடுத்தார். ரோல்ஸும் கேக்கும் சுற்றி வந்துகொண்டிருந்தன. படம் ஏன் இவ்வளவு தாழ்வாக மாட்டியிருக்கிறது என்று அக்காவை ஓரமாக அழைத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "ஏன்க்கா மறைக்கணும்? அவங்க செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் வெட்கப்படுறீங்க?" என்றேன். "சனம் வாற நேரத்தில புதுச் சாமானில குறை காட்டலாமோ? ஏமாந்துபோட்டினம் எண்டு கதைப்பினம். நாளைக்கு அவங்களுக்குச் சொல்லுவம்" என்றார். நல்ல நாளில் முகம் சுளிக்கக்கூடாது என்று வளர்ந்தவர். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதனால் மேலே பேசாமல் ரோல்ஸ் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.

அந்த சிலிக்கன்தான் வினையாகிவிட்டது. வண்டியைப் பார்க்க வந்த விற்பனைக்காரரின் ஆள், ஜன்னல் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். இது யார் பூசியது என்று கேட்டான். தொழிற்சாலையில் பூசியதாக இருக்கும் என்று தாஸ் அண்ணன் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா, "நாங்கள்தான்" என்று சொல்லிவிட்டார். அவன் படம் எடுத்துக்கொண்டு போனான். வாங்கியவரே கைவைத்துவிட்டதால் அந்தச் சுவருக்கு வாரண்டி செல்லாது என்று பதில் வந்தது. தண்ணீர் முதலில் எப்படி உள்ளே வந்தது என்று அவர்களை யாராலும் சொல்லவைக்க முடியவில்லை. விற்பனைக்காரர் தொழிற்சாலையைக் கேள் என்றார். தொழிற்சாலை விற்பனைக்காரரைக் கேள் என்றது. இதற்கிடையில் ஃபிரிட்ஜும் நின்றுபோனது. அதை ஃபிரிட்ஜ் கம்பெனியிடம் கேட்கச் சொன்னார்கள். பந்து போல ஆளாளுக்கு உதைத்தார்கள்.

ஒருமுறை அக்காவோடு, வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் விற்பனைக்காரரின் யார்டுக்குப் போனேன். அவர் கையில் ஒரு டப்பா. உள்ளே சூடாக மீன் பட்டிஸ். சர்வீஸ் ஆட்களுக்காம்! "உங்களை நாயா அலையவிடுறாங்க, நீங்க பலகாரம் சுட்டு எடுத்துட்டு வர்றீங்களா?" என்று காரிலேயே சண்டை போட்டேன். "அவையளும் சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆக்கள்தானே. பாவங்கள்" என்றார். அவர்கள் பட்டிஸை ரசித்துச் சாப்பிட்டார்கள். அருமை என்றார்கள். வண்டியை அடுத்த வாரம் பார்ப்பதாகவும் சொன்னார்கள். நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நானே எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "இந்த வயசில கோடு கச்சேரி எண்டு ஏறி இறங்க ஏலாது பிள்ளை. நல்ல விதமாய்க் கேட்டால் செய்வினம்" என்று முடித்துவிட்டார்.

கடைசியில் தொழிற்சாலை ஒரு வழிக்கு வந்தது. மெல்போர்னுக்குக் கொண்டுவந்தால் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். இருவரும் ஹியூம் நெடுஞ்சாலை வழியாக அதை இழுத்துக்கொண்டு மெல்போர்னின் புறநகரான ட்ருகனினாவுக்குப் போனார்கள். அங்கே கிடங்குகளுக்கு நடுவில் இருந்த தொழிற்சாலையில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உறவினர் வீட்டில் தங்கினார்கள். ஒருவழியாக வண்டி கைக்கு வந்தது. திரும்பும் வழியில் ஒரு கேரவன் பார்க்கில் நிறுத்தி இரவு தங்கினார்கள். மறுநாள் காலை எனக்கு போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பிள்ளை, இப்பதான் எழும்பினனான். வெயில் நல்லா ஏறியிட்டுது. வெளியில கதிரையைப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்" என்றார். மத்தியானம் இன்னொரு போன். இப்போது தாஸ் அண்ணன். படுக்கையை ஒதுக்கும்போது மெத்தைக்கு அடியில் கை வைத்தாராம். மறுபடி ஒழுகிச் சொதசொதவென்று இருந்ததாம். பலகையும் உப்பத் தொடங்கியிருந்தது. அந்தக் கேரவனில் அக்கா உறங்கி எழுந்தது அந்த ஓர் இரவுதான்.

வண்டி மறுபடி சிட்னி யார்டுக்குப் போனது. அப்புறம்தான் நோய் தெரிந்தது. வயிற்றில் தொடங்கிய புற்று ஈரலுக்கும் போயிருந்தது. ஒரு சுற்று மருந்து முடிந்ததும் உடம்பு கொஞ்சம் தேறியது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். எங்காவது போக ஆசை இருந்தால் இப்போதே போய்வாருங்கள், பிறகு என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் யார்டுக்கு போன் போட்டார். நடந்ததைச் சொல்லி, வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். மிகவும் வருந்துகிறோம், அடுத்த வாரம் என்றார்கள்.

வாடகைக்கு ஒரு வண்டி எடுங்கள், இல்லாவிட்டால் கடற்கரையில் ஒரு கேபின் பிடித்துத் தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எங்கட வண்டி கிடக்கேக்க ஏன் வாடகை வண்டி? என்ர பாய், தலகாணி, கோப்பை எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. வாற கிழமை தருவினமாம்" என்றார். அடுத்த வாரம் ஒரு பலகை வரவில்லை. அதற்கடுத்த வாரம் பார்க்க வேண்டிய ஆள் லீவில். பிறகு தொழிற்சாலையிலிருந்து அனுமதி வரவில்லை. இல்லை, முடியாது என்று ஒருவனாவது ஒரு தடவை சொல்லியிருந்தால் அவர் கேபினுக்காவது வந்திருப்பார். ஒருவனும் சொல்லவில்லை. வெயில் நன்றாக இருந்த அந்த மாதங்களெல்லாம் டூங்கபி வீட்டுச் சமையலறையில், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போயின. இதை எழுதும்போதும் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

பிறகு படுக்கையில் விழுந்தார். நான் கடைசியாக அவரைப் பேசும் நிலையில் பார்த்தது வார்டில், ஒரு பிற்பகலில். தாஸ் அண்ணன் ஜன்னலோரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஓம்... ஓகே... தாங்க் யூ" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த அக்கா, சட்டென்று கையை நீட்டினார். "இஞ்ச தாங்கோ" என்று போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மறுமுனையில் அந்த சர்வீஸ் மேனேஜர். இன்னும் சில வாரங்கள் ஆகும் என்று ஏதோ விளக்கியிருக்கிறான். அக்கா கத்தினார். உடம்பில் எலும்பைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லாத அந்த மனுஷியிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீ இங்கே வா, இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து அடுத்த வாரம் என்று சொல் என்று ஆங்கிலத்தில் கத்தினார். ஆங்கிலம் போதாமல், "உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ?" என்று தமிழிலும் கத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். குரலை உயர்த்தினால் அழைப்பைத் துண்டிக்க நேரிடும் என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. துண்டித்தும் விட்டான்.

போனை மடியில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். தாஸ் அண்ணன் பயந்துபோய் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"நல்லாயிருந்தது பிள்ளை" என்றார். "முதலே கத்தியிருக்கலாம்."

கேரவன் இன்னும் அந்த யார்டில்தான் நிற்கிறது. அதை என்ன செய்வது என்று தாஸ் அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டெல்லா அக்காவின் பொறுமையை நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் பெருமைப்படட்டும். அதை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்தப் பொறுமை அவருக்கு இருந்த கடைசி நல்ல மாதங்களைத் தின்றுவிட்டது. நான் வைத்துக்கொள்வது வார்டே திரும்பிப் பார்த்த அந்தக் குரலைத்தான். அந்தக் குரலால் கேரவனில் ஒரு ஆணிகூட அசையவில்லை. இருந்தாலும், அவர் தனக்காகப் பேசியது அந்த ஒரு முறைதான். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.