மீட்டரில் நாற்பது

டிரெய்லர் அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைப்பது யாராலும் ஆகாத காரியம். அவளுடைய அண்ணன் ஒரு முறை தன் டைல்ஸ் கடையில் பில் போட உட்காரவைத்துப் பார்த்தார். சரக்கு இறக்க வந்த லாரிக்காரன் சந்துக்குள் திணறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவள், பில்லைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் அந்த லாரியை ரிவர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். கல்லாவுக்கு முன்னால் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். அதற்குப் பிறகுதான் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் டிரெய்லரை மாட்டி, படகு, பீரோ, பழுதான டிராக்டர் என்று கிடைத்ததையெல்லாம் இழுக்க ஆரம்பித்தாள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சமதரையில் அந்த பிக்கப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். ஒரு நாள் மலைச்சாலையில், கொண்டை ஊசி வளைவில், ஒரு ஜெனரேட்டரோடு நின்றே போனது. டயருக்குக் கல் வைத்துவிட்டு நடுரோட்டில் நின்றவளை, எதிரே வந்த பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து மலைக்குச் சரக்கு ஏற்ற அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அண்ணன் மட்டும் கூப்பிட்டார்.

"நாற்காலி அப்படியேதான் இருக்கு. வந்துடு."

கிட்டத்தட்ட போய்விடுவது என்றே இருந்தாள். அப்போதுதான் குதிரையேற்றப் பள்ளி மேடத்திடமிருந்து போன் வந்தது. மலைமேல் இரண்டாவது பள்ளி திறக்கிறார்களாம், வாராவாரம் குதிரைகளை ஏற்றி இறக்க வேண்டுமாம். முதலில் ஒரு தடவை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் மெக்கானிக். ஊரான் வண்டியெல்லாம் ஆன பிறகுதான் சொந்த வண்டிக்கு அவர் பட்டறையில் இடம். இந்த முறை சொல்லாமலே பிக்கப்புக்கு அடியில் போய்ப் படுத்தார்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. பின் அச்சுல இருக்கிறது வேகமா ஓடுறதுக்கான கியர். இழுவைக்கு ஆகாது. கிரவுன், பினியன்னு அந்த ரெண்டு பல்சக்கரமும் வேற போடணும்."

"போட்டா ஏறுமா?"

"சைக்கிள்ல மேடேற எந்தப் பல்லுக்கு மாத்துவ? அதேதான். வேகம் கொஞ்சம் குறையும். இழுவை கூடும்."

சரிபாதி வேலை பல்லைப் பொருத்துவதில்தான் போனது. பல்லில் மஞ்சள் பெயின்ட் தடவுவார், சக்கரத்தைச் சுற்றச் சொல்வார், பெயின்ட் அழிந்த இடத்தை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் கழற்றுவார். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறப்பகூட நீங்க இவ்வளவு பார்க்கல" என்றாள். அவருக்கு அது காதிலேயே விழவில்லை. பிறகு சில நாள் வண்டியைச் சும்மா ஓட்டிப் பழக்கினார். பல் முனகுகிறதா என்று காதைத்தான் வெளியே நீட்டினார், கண்ணை ஒரு தடவைகூட மீட்டர் பக்கம் திருப்பவில்லை.

ஓட்டிக் காட்டும் நாளில் இரண்டு குதிரைகள் டிரெய்லரில் ஏறின. மேடம் முன்சீட்டில் ஏறினார்.

"எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். மீட்டர் நாப்பதைத் தாண்டக் கூடாது."

"தாண்டாது மேடம்."

முள் நாற்பதில் நின்றது. பின்னாலிருந்து கேஸ் சிலிண்டர் கட்டிய மொபெட் ஒன்று அவர்களைச் சாவகாசமாக முந்தியது. ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தார். அக்காவுக்குச் சுருக்கென்றது. கியரை மாற்றிய மனுஷன் அதற்கேற்ப மீட்டரைத் திருத்தவில்லை. முள் நாற்பது என்கிறது, வண்டி முப்பதில் போகிறது.

மலையடிவாரத்தில் எப்போதும் ஒரு ஓட்டம் எடுத்துத்தான் ஏறுவாள். இன்றைக்கு ஓட்டம் எடுத்தால் முள் ஐம்பதுக்குப் போகும், கண்டிஷன் காற்றில் போகும். மீட்டர் பொய் சொல்கிறது என்று சொன்னால் மேடம் அங்கேயே வண்டியைத் திருப்பச் சொல்வார். அண்ணன் கடை நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு முப்பதிலேயே மேட்டைத் தொட்டாள்.

பிக்கப் உறுமியது. வேகம் குறையும், குறையும் என்று காத்திருந்தாள். குறையவில்லை. ஜெனரேட்டரோடு நின்ற வளைவு வந்தபோது அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது, வண்டிக்கு இல்லை. அப்படியே நடந்து போகிற மாதிரி ஏறிப் போயிற்று.

மேலே போய் டிரெய்லர் கதவைத் திறந்ததும் மேடம் நேராகக் குதிரைகளிடம் போனார். ஒன்று வாயில் புல்லோடு இறங்கியது.

"சொன்ன மாதிரி நாப்பதுலயே வந்துட்டீங்க."

பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நாப்பது இல்ல மேடம், முப்பதுதான். கியர் மாத்தினதுல மீட்டர் அதிகமாக் காட்டுது. பாதி வழியிலதான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"திருப்பச் சொல்லிடுவீங்கன்னு பயம்."

மேடம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "சொல்லித்தான் இருப்பேன்" என்றார். பிறகு, "மீட்டரைச் சரிபண்ணிட்டு திங்கக்கிழமை வாங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

டிரெய்லர் மறைவுக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மீட்டரை மறந்துட்டீங்களே."

"அய்யோ" என்றார் மெதுவாக. "அப்ப எவ்வளவுல ஏறின?"

"முப்பதுல."

"ஓட்டம் எடுக்காமயா? ரெண்டு குதிரையோடயா?"

"ஆமா. வேலை கிடைச்சிடுச்சு."

உங்கள் கியர் அருமை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் போனைக் கையில் பிடித்தபடியே பட்டறையில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது.

"முப்பதுலயே ஏத்திட்டா. மீட்டரும் சரியில்ல, சொல்லவும் ஆளில்ல. நானா இருந்தா பயத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பேன்."

அவளுக்கு அழுகை வந்தது. குதிரைகள் பார்க்குமே என்றுகூட நினைக்காமல் நன்றாக அழுதாள்.