டிஸ்பென்சரி கைமாறிய சித்திரை

அன்று டிஸ்பென்சரி விறாந்தையில் இருந்தவர்கள்: என் பெரியப்பா. பெரியம்மா. புதிதாய் வந்த டொக்டர். புடவைக்கடை நானா. கைவிசேடம் வாங்க வந்த சனம். புதுப் பாவாடையோடு நான்.

வருசப் பிறப்பு. பெரியப்பா வவுனியாவில் பழைய டொக்டர். அவர் கையால் கைவிசேடமாய் வெற்றிலையும் காசும் வாங்கினால் அந்த வருசம் நோய் வருத்தம் அண்டாது என்று சனம் நம்பியது. அதற்கென்றே வண்டி கட்டி வருவார்கள்.

ஆனால் பெரியப்பா டிஸ்பென்சரியை மாசியிலேயே விற்றுவிட்டார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஊசி போடுகிற கை. பெரியம்மாவையும் வாங்கினவரையும் தவிர வேறு ஒருவருக்கும் நடுக்கத்தைச் சொல்லவில்லை. வாங்கினவர் யாழ்ப்பாணத்துப் பெடியன். மெலிந்த ஆள், மரியாதையான ஆள். சித்திரை முடியும்வரை பெரியப்பா கூட இருந்து சனத்தைப் பழக்கிக் கொடுப்பதாகப் பேச்சு.

சனம் பழகவில்லை. இரண்டு கதிரை போட்டார்கள். புது டொக்டரின் கதிரையைச் சுற்றிக்கொண்டு பெரியப்பாவிடம் போனார்கள். அவர் தன் கதிரையைப் பின்னறைக்கு மாற்றினார். சனமும் பின்னறைக்கு வந்தது. பிறகு அவர் வீட்டிலேயே நின்றுவிட்டார். சனம் வீட்டுக் குசினி வாசலில் மருந்துப் போத்தலோடு வந்து நின்றது. இது குசினியோ ஆசுப்பத்திரியோ என்று பெரியம்மா ஏசினா. அதே மருந்துதான் அவரும் தாறார் என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார். மருந்து அதுதான் ஐயா, கை வேறையெல்லோ என்றார்கள்.

புது டொக்டர் நாள் முழுக்கச் சும்மா இருந்தார். வருசத்துக்கு வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டன் என்று பெரியம்மாவிடம் சொன்னாராம். அவர் போனால் பெரியப்பா அந்தக் கையோடு திரும்பவும் ஊசி எடுக்கவேணும். பெரியப்பாதான் அவரை மறித்து வைத்திருந்தார்.

வருசப் பிறப்பன்று வெற்றிலைத் தட்டம் பெரியப்பாவுக்கு முன்னால் இருந்தது. சனம் வரிசையில் நின்றது. பெரியப்பா தட்டத்தைத் தூக்கிப் புது டொக்டரிடம் கொடுத்தார். பிறகு அவருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"தாங்கோ தம்பி. முதல் கைவிசேடம் எனக்கு."

மூத்தவர் கொடுப்பார், இளையவர் வாங்குவார். அதுதான் வழக்கம். புது டொக்டர் பதறி எழும்பினார்.

"ஐயா, நான் எப்பிடி உங்களுக்கு..."

"இருந்துகொண்டு தாங்கோ."

பெரியம்மா உள்ளே போய்விட்டா. நீட்டின கை நடுங்கியது. வெற்றிலையை வாங்கின பிறகும் நடுங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். பெரியப்பா கையை இழுக்கவில்லை.

புடவைக்கடை நானா முஸ்லிம் ஆள், பெரியப்பாவின் கூட்டாளி. வருசாவருசம் பலகாரம் தின்ன வருகிறவர். அவர்தான் முதலில் எழும்பினார்.

"எனக்கு வருசம் இல்லை. வருத்தம் இருக்கு. எனக்கும் தாங்கோ தம்பி."

சனம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராய்க் கையை நீட்டினார்கள்.

எனக்கு அழுகை வந்தது. பெரியப்பாவின் கைக்காசுதான் வேணும் என்று நின்றேன். ஒருவரும் தரவில்லை. பெரியவர் சின்னவரிடம் கையேந்தினார், அந்த வெட்கத்தில்தான் கை நடுங்குது என்று நினைத்தேன். ஒளித்து வைத்த கையை அவர் தெரிந்துகொண்டேதான் நீட்டினார் என்பது அந்த வயதில் விளங்கவில்லை.

பெரியப்பாவை விட்டுப் புது ஆளிடம் போனவர்களை மறக்கக்கூடாது என்று தூணுக்குப் பக்கத்தில் நின்று கோபத்தோடு எண்ணினேன்.

பத்தொன்பது பேர்.