முகக்கவசக் கூட்டமும் நான் எழுதிய கடிதமும்

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த இரண்டாவது கிழமை, என் மகள் வேறொரு பிள்ளையின் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காலையில் நான் போட்டு அனுப்பியது வெள்ளை. வந்தது நீலம், கன்னத்துப் பக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சி. உட்புறம் ஈரமாக இருந்தது. ஓரத்தில் சளி காய்ந்து, அதில் ஒரு பிட்டுத் துகள் ஒட்டியிருந்தது.

"உது ஆரின்ரை?" என்று கேட்டேன்.

"மாத்தினாங்கள் அம்மா. என்ரை வெள்ளை தனக்கு விருப்பம் எண்டு சொன்னவள். நேற்று இதை வேறை ஆள் போட்டவ."

இரண்டு விரலால் பிடித்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், சருகு கூட்டிக் கொளுத்தினேன். பிள்ளையை மூன்று தரம் வாய் கொப்பளிக்க வைத்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிட்டு என்று நினைத்தாலே குமட்டியது. வகுப்பு ஆசிரியைக்கு உடனே அறிவித்தேன்: பெற்றாரைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும், இது இப்படியே போகக்கூடாது.

ஐந்தாம் வகுப்புப் பெற்றார் வட்டத்துக்கு நான்தான் செயலாளர். பிரதேச செயலகத்தில் கடிதம் எழுதுவதே என் உத்தியோகம் என்பதால், என்னைக் கேட்காமலே அந்தப் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஆகவே கூட்டம் கூடியது என்னால்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை வகுப்பறையிலேயே கூடினோம். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க வளர்ந்த மனிதர் உட்கார்ந்திருந்தோம். பாதிப்பேரின் முகக்கவசம் வாயையும் மூக்கையும் விட்டு நாடியில் கிடந்தது. முதலில் எழும்பியவர் மருதனார்மடச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகனுக்கு இழுப்பு.

"என்ரை பிள்ளை மாஸ்க் போட்டால் மூச்சு விடமாட்டான். காலமை எட்டு மணியிலையிருந்து ரண்டு மணி மட்டும் மூக்கைக் கட்டிவைக்க அவன் என்ன மாடோ?" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தும்மல் வந்தது. உள்ளங்கையில் தும்மினார். அந்தக் கையைக் கதிரையின் அடிப்பக்கத்தில் துடைத்தார். பிறகு அதே கையால் மேசையில் தட்டித் தட்டிக் கதைத்தார். அந்தக் கதிரையில் திங்கட்கிழமை எந்தப் பிள்ளை இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் பதில் சொன்னவர், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் நடத்தும் ஒரு தாய். அவருடைய மகளும் இதே வகுப்புத்தான். "உங்கடை மகன் இருமுறதை எங்கடை பிள்ளையள் விழுங்க வேணுமோ அண்ணை? மாஸ்க் போடேலாட்டி வீட்டிலை வைச்சிருங்கோ."

"நீர் ஆர் என்ரை பிள்ளையை வீட்டிலை வைக்கச் சொல்ல? வாயை மூடும்."

"நான் மூடித்தானே இருக்கிறன். நீங்கள்தான் திறந்து வைச்சிருக்கிறியள்."

சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ரீச்சரம்மாவின் ரியூசன் கொட்டிலில், ஒரு வாங்கில் ஐந்து பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி இருக்கும். அங்கே ஒரு பிள்ளையும் முகத்தை மூடுவதில்லை. மூடினால் சொல்வது விளங்காதாம். அது எல்லாருக்கும் தெரியும். நானும் என் மகளை அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால் நானும் வாய் திறக்கவில்லை.

அரை மணித்தியாலம் இப்படியே போனது. ஒருவர் துணி முகக்கவசம் என்றார், இன்னொருவர் ஆஸ்பத்திரி முகக்கவசம் என்றார். கோவிட் என்று ஒன்றே இல்லை, எல்லாம் வெளிநாட்டுக்காரரின் வியாபாரம் என்றார் ஒருவர். பள்ளிக்கூட அதிபர் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த மனிதர். "சண்டை பிடியாதேங்கோ, பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம் இது," என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "மாஸ்க் போட்டாலென்ன, போடாட்டிலென்ன? உந்த வருத்தம் எங்கையிருந்து வருது? ஆஸ்பத்திரியிலையிருந்துதானே."

அவள் யாரைச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் தெல்லிப்பழைப் பக்கம் ஆஸ்பத்திரியில் தாதி. மிஸி என்றுதான் ஊரில் சொல்வோம். அன்றைக்கு அவருக்கு வேலை. கூட்டத்துக்கு வரவில்லை.

"உதுதான் கதை," என்றார் கடைக்காரர்.

"நானும் சொல்ல நினைச்சனான். பிழையா நினைப்பினம் எண்டு விட்டிட்டன்," என்றார் ரியூசன் ரீச்சர்.

ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றானார்கள். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது அவர்களுக்கு. மிஸியின் மகள்தான் வகுப்பில் எப்போதும் முதலாவது என்பதும், ரியூசன் ரீச்சரின் மகள் எப்போதும் இரண்டாவது என்பதும் அந்த நேரம் என் நினைவுக்கு வந்தன. நினைவுக்கு வந்ததோடு சரி.

பிறகு ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். மிஸி நல்ல மனுசி, ஆனால் பிள்ளையள் பாவம். மிஸியைப் பிழை சொல்லேல்லை, ஆனால் அவ எங்கை எங்கை போய் ஆர் ஆரைத் தொட்டிட்டு வாறாவோ. அந்த அறையில் இருந்த பாதிப்பேருக்கு அவர் வீடு தேடிப்போய்ப் பிரஷர் பார்த்திருக்கிறார். கடைக்காரரின் தாயாருடைய காற்புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து கட்டியவர் அவர்தான். அப்போதெல்லாம் அந்தக் கையில் ஒரு கிருமியும் இருக்கவில்லை.

"எழுத்திலை தந்தியள் எண்டால் நான் பாக்கிறன்," என்றார் அதிபர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர், "தங்கச்சி, நீங்கள் வடிவா எழுதுவியள்," என்றார்.

"அவ இல்லாத நேரத்திலை..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான். அந்த ஈர நீலத் துணி கண்ணுக்கு முன்னால் வந்தது. மகளின் வாய் வந்தது. பேனையை எடுத்தேன்.

'மேற்படி மாணவியின் தாயார் ஆற்றிவரும் மகத்தான சேவையை நாம் பெரிதும் மதிக்கும் அதேவேளை, ஏனைய மாணவர்களின் நலன் கருதி, அம்மாணவியைத் தற்காலிகமாகத் தனியாக அமர்த்துமாறு தயவுடன் வேண்டிக்கொள்கிறோம்.' முதலில் 'மேலான சேவை' என்று எழுதியிருந்தேன். ஓசை சரியில்லை என்று வெட்டிவிட்டு 'மகத்தான' என்று போட்டேன். இன்றைக்கும் அந்தக் கூட்டத்தை நினைத்தால், கடைக்காரரின் தும்மலைவிட அந்த ஒரு சொல்லை நான் மாற்றியதுதான் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது. எல்லோரும் வரிசையில் வந்து கையெழுத்து வைத்தார்கள். முகக்கவசம் பற்றி ஒரு முடிவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது.

திங்கட்கிழமை மகள் வந்து சொன்னாள்: "அம்மா, அவ இப்ப வெளியிலை விறாந்தையிலை இருந்துதான் படிக்கிறா. யன்னலாலை போர்ட்டைப் பாக்கிறா."

"ஏனெண்டு ரீச்சர் சொன்னவவோ?"

"இல்லை. பிள்ளையள் கொரோனாக்காரி எண்டு கூப்பிடீனம்."

"நீயும் கூப்பிட்டனியோ?"

அவள் குனிந்து சப்பாத்து லேஸைக் கழற்றத் தொடங்கினாள். முடிச்சே விழாத லேஸ். வெகுநேரம் கழற்றிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. விறாந்தையில் ஒற்றை மேசை, ஒற்றைக் கதிரை. தூவானம் அடித்து மேசை நனைந்திருந்தது. பிள்ளை கொப்பியை மடியில் வைத்து, குனிந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு எழுதியது. இரண்டு முகக்கவசம், ஒன்றின்மேல் ஒன்று, மூக்கின் மேல்வரை. யன்னலால் உள்ளே பார்த்தேன். ஒரு பிள்ளையின் முகக்கவசம் ஒரு காதில் தொங்கியது. இன்னொன்று நெற்றியில். கடைக்காரரின் மகன் தன் முகக்கவசத்தின் நாடாவை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒழுங்காக முகத்தை மூடியிருந்தது மழைக்குள் இருந்த அந்தப் பிள்ளை மட்டும்தான்.

என்னைக் கண்டதும் எழும்பி, "வணக்கம் அன்ரி," என்றது. நான் கிட்டப் போகப் போக, பிள்ளை இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. எனக்காகத்தான். எனக்கு ஒன்றும் தொற்றிவிடக் கூடாதென்று.

நேரே அதிபரிடம் போய், "சேர், உது சரியில்லை. பிள்ளையை உள்ளை எடுங்கோ," என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "நீங்கள்தானே தங்கச்சி எழுதித் தந்தனீங்கள்?" அவர் குரலில் கோபமில்லை. தன் கை சுத்தம் என்ற நிம்மதிதான் இருந்தது.

அடுத்த நாள் மதியம் மிஸியின் வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சீருடையைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு படலைவரை வந்தார். திறக்கவில்லை.

"அக்கா, அந்தக் கடிதம் நான் எழுதினது."

"தெரியும். அதிபர் காட்டினவர். நல்ல தமிழ்."

"நான் அதைத் திருப்பி வாங்கிறன் அக்கா. எல்லாரிட்டையும் கதைக்கிறன்."

"எதைத் திருப்பி வாங்கப்போறியள்? பிள்ளை கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிஞ்சுபோச்சு. நான் கிட்டப் போனால், அம்மா என்னைத் தொடாதேங்கோ எண்டுது. நான் வேலையாலை வந்து குளிச்சு, உடுப்பைச் சுடுதண்ணியிலை அவிச்சுப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை கால் வைக்கிறனான். உங்கடை கடைக்கார அண்ணை போன மாசம் காய்ச்சலோடை கடை திறந்து வைச்சிருந்தவர். அவருக்கு ஆர் கடிதம் எழுதினது?"

படலையில் வைத்திருந்த கையை எடுத்தேன்.

"நீங்கள் வந்தது உங்கடை மனம் ஆற. எனக்கு அதுக்கு நேரமில்லை. ரண்டு மணிக்கு டியூட்டி." திரும்பிப் போய் மிச்ச உடுப்பைக் காயப்போட்டார். நான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே பெற்றார் வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: நான் என் கையெழுத்தை விலக்கிக்கொள்கிறேன், பிள்ளையை உடனே உள்ளே எடுக்க வேண்டும், செயலாளர் பதவியும் எனக்கு வேண்டாம். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். ரியூசன் ரீச்சர், 'இப்ப ஏன் தேவையில்லாத கதை? பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது' என்று எழுதினார். கடைக்காரர் அடுத்த நாள் காலை ஆஞ்சநேயர் படம் ஒன்றைப் போட்டு எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். அதற்குக் கீழே எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். என் செய்தி மேலே போய் மறைந்தது. ஒரு தகப்பன் மட்டும் தொலைபேசியில் எடுத்தார். "நீங்கள் எழுதினது சரிதான் தங்கச்சி. எனக்கும் மனம் கேக்கேல்லை. ஆனா என்ரை பேரை ஒரு இடமும் சொல்லிப்போடாதேங்கோ." நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை மிஸி பள்ளிக்கூடத்துக்கு வந்து மகளின் விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு போனார். நகரப் பக்கம் நல்லூரில் தங்கையின் வீட்டில் பிள்ளையை விட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார் என்று அறிந்தேன். தாயை விட்டுப் பிரிந்து இருக்க அந்தப் பிள்ளை எப்படிச் சம்மதித்தது என்று தெரியாது. என் மகளை ரியூசனிலிருந்து நிறுத்தினேன். மிஸியின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எழுதினாள். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முகக்கவசம் பிறகு தானாகவே இல்லாமல் போனது. ஒரு நாள் பாதிப் பிள்ளைகள் போடவில்லை, அடுத்த கிழமை ஒருவரும் போடவில்லை. அதற்காகச் சண்டை பிடித்தவர்களில் ஒருவர்கூட அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன வருடம் அதிபரின் பிரியாவிடைக்குப் பழைய பெற்றாரையும் அழைத்திருந்தார்கள். தேநீர் வேளையில் ரியூசன் ரீச்சரும் கடைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு தாய், கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவது ஏன் என்று கேட்டாள்.

"எல்லாம் ரவுண் பள்ளிக்கூட மோகம்," என்றார் ரியூசன் ரீச்சர். "எங்கடை வகுப்பிலையும் ஒரு மிஸியின்ரை பிள்ளை இருந்தது. நல்ல கெட்டிக்காரி. நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேக்காமல் தாய் கூட்டிக்கொண்டு போட்டா."

கடைக்காரர் தலையை ஆட்டினார். "ஓம், பாவம் பிள்ளை," என்றார்.

இருவர் முகத்திலும் பொய் சொல்கிற கூச்சம் ஒரு துளியும் இல்லை. அவர்கள் அதை உண்மையாகவே நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

"அவ கூட்டிக்கொண்டு போகேல்லை," என்றேன். "நாங்கள் துரத்திக் கலைச்சனாங்கள். கடிதம் எழுதினது நான். கையெழுத்து வைச்சது நீங்கள் ரண்டுபேரும்."

புதிய தாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரியூசன் ரீச்சர், "நீங்கள் இன்னும் உதையே யோசிச்சுக்கொண்டிருக்கிறியளோ?" என்று கேட்டார். உண்மையான அனுதாபத்தோடுதான் கேட்டார். கடைக்காரர் பற்றிஸ் தட்டை எட்டி எடுத்து என் பக்கம் நீட்டி, "எடுங்கோ தங்கச்சி, சூடா இருக்கு," என்றார்.

நான் எடுக்கவில்லை. அதிபருக்கு மாலை போடும் நேரத்தில் எழும்பி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.