தொண்ணூற்றாறாவது அடியில் போட்ட உமி

1. முதல் நாள் ஏச்சு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஏச்சு வாங்கியவன் நான்; பெயர் குணம். ஐம்பதுகளின் கடைசி. இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே, பாலை மரமும் முதிரை மரமும் நின்ற காட்டுக்குள், தண்ணீர் தேடித் துளைபோடும் அரசாங்க ரிக் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். றொட் என்ற இரும்புக் குழாயின் நுனியில் வைரம் பதித்த பிட் இருக்கும். அது சுழன்று பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்கும். சூடு தணிய மேலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தண்ணீர் கல்மாவையும் அள்ளிக்கொண்டு மேலே திரும்பி வரும். அறுபடாமல் நடுவில் நிற்கும் கல் உருளைக்குப் பெயர் கோர். ஐந்தடிக்கு ஒரு தரம் அதை எடுத்து நீளப் பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்குவோம். ஐந்தடி துளைத்து ஐந்தடி கோர் வந்தால் ரிக்கவரி நூற்றுக்கு நூறு.

அன்று என் கையால் எடுத்த கோர் மூன்றடிதான் வந்தது. எங்கள் ஜியோலொஜிஸ்ட் சபாநாதன் ஐயா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மிச்ச ரெண்டடி எங்கை? நீர் திண்டிட்டீரோ?"

"கழுவுப்பட்டுப் போட்டுது ஐயா."

"கழுவுப்படுறதுக்கு இதென்ன சீனியோ? கையிலை பதமில்லாட்டி கல்லைக் குறை சொல்லாதையும்."

ஏச்சு முடிந்ததும் அவரே ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். மனுசன் அப்படித்தான், ஏச்சும் பாடமும் ஒரே மூச்சில் வரும். கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடிய கல் அது. "இதுக்குப் பேர் நைஸ். இது மேலை உண்டான கல் இல்லை, குணம். பத்துப் பதினைஞ்சு மைல் ஆழத்திலை, மலைத்தொடர் ஒண்டு தலையிலை குந்தியிருக்க, அந்தப் பாரத்திலையும் சூட்டிலையும் வெந்து பிசைபட்டது. மேலை இருந்த மலையை மழையும் காத்தும் திண்டு முடிச்சுப்போட்டுது. பானையின்ர அடியிலை இருந்ததுதான் இப்ப எங்கட காலுக்குக் கீழை கிடக்கு."

பரந்தன் பூநகரிப் பக்கம் துளை போட்டால் முதலில் சுண்ணாம்புக்கல் வரும் என்றும், அது பின்னாளில் கடல் வந்து படுத்திருந்த காலத்தில் படிந்தது என்றும் சொன்னார். மலைத்தொடர் எப்படி வந்தது என்று கேட்டேன். கண்டங்கள் நகர்ந்து முட்டிக்கொள்கின்றன என்று சிலர் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "கண்டம் என்ன வள்ளமோ, துடுப்பு வலிச்சுக்கொண்டு போக?"

நானும் சேர்ந்து சிரித்தேன். பெரியவர் சிரித்தால் சிரிப்பதும் அந்தக் காலத்தில் வேலையில் ஒரு பகுதிதான்.

2. கெட்டிக்காரன் குணம்

ஐந்து வருடத்தில் நான் டிரில்லர் ஆகிவிட்டேன். என் பெட்டிகள் பார்க்க வடிவாக இருக்கும். ரிக்கவரி தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. மற்ற ரிக்குகளில் இருந்தவர்களிடம், "குணத்தின்ர பெட்டியைப் போய்ப் பாருங்கோ" என்று ஐயாவே சொல்வார். அந்தப் பெயர் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அப்போதுதான் நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு குடியேற்றத்துக்கு எங்களை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதினாலு குடும்பங்களுக்குக் காடு வெட்டிப் பேர்மிட் என்ற அனுமதிப் பத்திரத்தில் காணி கொடுத்திருந்தார்கள். மாரியில் வயல் விளைந்தது. கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணறு வெட்டினால் இருபதடியில் பாறை. அதற்கு மேல் ஊறியது ஆனியோடு வற்றிவிடும். பெண்கள் இரண்டு மைல் நடந்து குளத்து மடுவில் அள்ளினார்கள். காணியில் குடியிருக்காவிட்டால் பேர்மிட் ரத்தாகிவிடும். எங்கள் துளையில் தண்ணீர் கிடைத்தால் இருப்பது, இல்லாவிட்டால் போவது என்று கூட்டம் வைத்து முடிவு செய்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் போல இருந்தவர் ஆறுமுகம் அண்ணை. உரும்பிராய்ப் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர். ஊரில் அவருக்குச் சொந்தமாக ஒரு பரப்பு நிலமும் இல்லை; குத்தகைக்குச் செய்தவர். இந்த மூன்று ஏக்கர்தான் அவர் பிறந்ததிலிருந்து தன்னுடையது என்று சொன்ன முதல் மண்.

ஒவ்வொரு நாளும் விடிய வந்து ரிக்குக்குப் பக்கத்தில் குந்துவார். "எங்கட ஊரிலை கிண்டினால் தண்ணி, தம்பி. இஞ்சை கிண்டினால் கல்லு. இந்தக் கல்லுக்குக் கீழை என்ன இருக்குது?"

"கல்லுத்தான் அண்ணை."

"அதுக்கும் கீழை?"

"அதுவும் கல்லுத்தான்."

"அப்ப நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்று சிரிப்பார். அவருடைய மனைவி, அக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், இரண்டு மைலிலிருந்து சுமந்த தண்ணீரில் எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ போட்டு அனுப்புவா.

3. உமி

தொண்ணூற்றாறாவது அடியில் றொட் திடீரென்று ஒரு சாண் இறங்கியது. அதோடு திரும்பி வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. பவுசர் வண்டியில் இருந்த தண்ணீரெல்லாம் விட்டோம். ஒரு சொட்டும் மேலே வரவில்லை. பாறையில் வெடிப்பு ஒன்று பட்டிருக்கிறது. இன்றைக்கு இதை வாசிக்கிற எந்தப் பொடியனும் உடனே சொல்லுவான்: தண்ணீர் உள்ளே போகிற வழி இருந்தால், தண்ணீர் வருகிற வழியும் அதுதான்.

எனக்கும் அது தெரியாமலில்லை. ஆனால் அன்று என் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. தண்ணீர் திரும்பாவிட்டால் பிட் எரிந்துபோகும். நூற்றிருபது அடிவரை போகச் சொல்லி உத்தரவு. வெள்ளிக்கிழமை ரிக் வேறிடத்துக்குப் போகவேண்டும். இப்படியான இடத்தில் பழைய டிரில்லர்மார் செய்கிற வேலை ஒன்று உண்டு: களிமண்ணையும் உமியையும் குழைத்து உள்ளே விட்டு வெடிப்பை அடைத்துவிட்டுத் தொடர்ந்து கீழே துளைப்பது.

"அண்ணை, உமி கிடக்கோ?" என்று கேட்டேன்.

"எவ்வளவு வேணும்?" என்றார் ஆறுமுகம் அண்ணை. என்னத்துக்கு என்று கேட்கவில்லை. ஓடிப்போய் இரண்டு சாக்கு உமியைத் தலையிலும் தோளிலுமாகக் கொண்டுவந்து இறக்கினார். அவரே சாக்கின் வாயை அவிழ்த்து, அவரே களிமண்ணோடு குழைத்தும் தந்தார். அந்த மனுசனின் தண்ணீரை அவர் கையாலேயே அடைக்க வைத்தேன்.

அடைபட்டது. தண்ணீர் திரும்பி வந்தது. கோரைத் தூக்கினால் ஐந்தடிக்கு இரண்டடிதான் இருந்தது. அதுவும் நுனியெல்லாம் துருப்பிடித்த மாதிரிச் சிவந்து நொறுங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் ஓடும் வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும் அந்தத் துருவைச் சாக்கால் தேய்த்துத் துடைத்தேன். போன துளையில் மிஞ்சிய கோர் லொறியில் கிடந்தது. எல்லாம் ஒரே வரிக்கல்தானே என்று அதில் மூன்றடியை எடுத்து இடைவெளியில் அடுக்கினேன். லொக் புத்தகத்தில் ரிக்கவரி நூறு என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். நான் மறைத்துக் காட்டினேன்.

வியாழன் பின்னேரம் ஐயா வந்தார். பெட்டியை நடந்தபடி பார்த்தார். துளையிலிருந்த தண்ணீரை இறைக்கச் சொன்னார். இறைத்தோம், அது திரும்ப ஊறவில்லை.

"வெடிப்பு ஏதும் பட்டுதோ, குணம்? தண்ணி முழுக்கத் திரும்பி வந்ததோ?"

"ஓம் ஐயா, முழுக்க வந்தது."

அவ்வளவுதான். நாலு சொல்தானே என்றுகூட என்னை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அவர் தன் கொப்பியில், வெடிப்பில்லாத பாறை, தண்ணீர் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஆறுமுகம் அண்ணையிடம் யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. நாங்கள் றொட்டுகளைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீங்கள் ஏலுமானதைச் செய்தனீங்கள்" என்றார். அடுத்த கோடைக்குள் பதினாலு குடும்பமும் போய்விட்டன. காணிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள்.

4. கத்தரித்த கண்டங்கள்

நாலு வருடம் போனது. வவுனியாவில் அரசாங்க உத்தியோகத்தர் தங்கும் சேர்கிட் பங்களாவில் தங்கியிருந்தபோது ஒரு காலை ஐயா என்னைக் கூப்பிட்டார். மேசையில் வெளிநாட்டுச் சஞ்சிகைகள், ஒரு கத்தரிக்கோல், பிள்ளைகளின் பழைய அற்லஸ் ஒன்று. இந்தியாவையும் இலங்கையையும் மடகஸ்காரையும் அந்தாட்டிக்காவையும் வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்து பாரும். நான் இவ்வளவு நாளும் சிரிச்ச விசயம் உண்மையாப் போட்டுது."

அன்று அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். பூமியின் மேலோடு ஒரே ஓடு இல்லை. பெரிய பெரிய தகடுகளாக உடைந்து கிடக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் மான்ரில் என்ற அடுக்கும் கல்தான், ஆனால் சூட்டில் மிக மிக மெதுவாக அசைகிற கல். கடலின் நடுவே தகடுகள் விலக, கீழிருந்து புதுக்கல் எழுந்து இடத்தை நிரப்புகிறது. வேறிடத்தில் ஒரு தகடு இன்னொன்றுக்குக் கீழே போய் மடிகிறது. நகம் வளர்கிற வேகம்தான். எங்கள் வன்னிக் கல் வெந்தது, கண்டங்கள் முட்டி மலை எழும்பிய ஒரு காலத்தில். பிறகு அந்தப் பெருநிலம் கிழிந்து துண்டு துண்டாகப் போனது.

"கிழியேக்கை சும்மா கிழியுமே? ஓரமெல்லாம் வெடிக்கும். அந்த வெடிப்பு இண்டைக்கும் எங்கட கல்லுக்குள்ளை இருக்கு" என்று ஆகாயப் படங்களை விரித்தார். காட்டுக்கு ஊடாக, கீழே வெடிப்பில் தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம், நேர்கோடு நேர்கோடாக மரங்கள் கரும்பச்சையாகத் தெரிந்தன. ஒரு கோடு நெடுங்கேணிக்கு அப்பால் அந்தக் குடியேற்றத்தின் நடுவால் போனது.

"இந்தக் கோட்டிலை நாங்கள் போட்ட துளை ஏன் காய்ஞ்சது? அதுதான் எனக்குப் பிடிபடேல்லை. அந்தப் பெட்டியை எடுப்பியும்."

ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தேன். ஐயா கடதாசிக் கண்டங்களைப் பொருத்திய அதே மேசையில் கோர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். தொண்ணூற்றாறில் நின்றார். மேல் துண்டில் வரி ஏறக்குறையச் செங்குத்தாக நின்றது. அடுத்ததில் கிட்டத்தட்டப் படுத்திருந்தது. துண்டைச் சுழற்றிப் பார்த்தார். எப்படிச் சுழற்றினாலும் வரியின் சாய்வு மாறாது.

"குணம், இது இந்தத் துளையிலை எடுத்த கல்லோ?"

சொன்னேன். உமி, சாக்கு, லொறியில் கிடந்த கோர், எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

"பதினைஞ்சு வருசம் நான் கண்டம் அசையாது எண்டு பிழையான பக்கம் நிண்டனான். நேற்று அதை ஒத்துக்கொண்டு காயிதம் எழுதினனான்" என்றார். "நீர் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." துண்டைப் பெட்டியில் திரும்ப வைத்தபடி, "நான் உம்மை அப்பிடி ஏசியிருக்கக் கூடாது" என்றும் சொன்னார். அறிக்கையைத் திருத்தும்போது பிழை தன்னுடையது என்றே எழுதினார். என் பெயர் எங்கும் வரவில்லை.

பழைய துளைக்குப் பத்தடி தள்ளிப் புதிதாகப் போட்டோம். தொண்ணூற்றாறடியில் வெடிப்பு, அதிலிருந்து தண்ணீர் குமுறிக்கொண்டு ஏறி முப்பதடியில் வந்து நின்றது. புதிதாகக் குடியேறியவர்கள் கற்பூரம் கொளுத்தினார்கள். என் கழுத்தில் மாலையும் போட்டார்கள். கழற்றி எறியவும் துணிவு வரவில்லை.

5. பரந்தன்

ஆறுமுகம் அண்ணை பரந்தனில் ஒருவருடைய வயலில் கூலிக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். வரம்பில் மண்வெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும் சந்தோசப்பட்டார். அது எனக்கு இன்னும் பொல்லாததாக இருந்தது. வரம்பிலேயே குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். உமியைப் பற்றியும் சொன்னேன்.

அவர் எழும்பிப் போய் வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவினார். பிறகு கேட்டார்:

"அந்தத் தண்ணி எத்தினை வீட்டுக்குக் காணும்?"

"முழுக் குடியேற்றத்துக்கும் காணும் அண்ணை."

"கோடையிலையும்?"

"ஓம். கோடையிலையும் வத்தேல்லை."

"தண்ணி எப்பிடி? சவரோ, உப்புக் கரிக்குமோ?"

இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். "இல்லை அண்ணை. நல்ல தண்ணி."

அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். "சவர் எண்டு சொல்லியிருக்கலாம், தம்பி" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கையில் வராத கல்லை வரவில்லை என்று அன்றைக்கே எழுதுங்கள், யார் ஏசினாலும். பிறகு சொல்கிற உண்மை சொன்னவனின் மனதை ஆற்றுவதற்கு மட்டும்தான் உதவும். எனக்கு அதற்கும் உதவவில்லை.