சைதூன் போட்ட மஞ்சள் கோடு

எங்கள் பக்கத்து வீட்டு சைதூன் தன் காந்தத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ் தானாகக் கிளம்பி எங்கள் நாகல் நகருக்கு வந்துவிடும். டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தாலும் வரும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். கொஞ்சம் என்ன, முழுக்கவே கூடுதல். இரண்டு முழம் தள்ளி நின்றால் அந்தக் காந்தம் ஒரு குண்டூசியைக்கூட அசைக்காது. ஆனால் ஒரு சாண் தூரத்துக்குள் அது செய்கிற அட்டகாசத்தை மிகைப்படுத்த என்னாலேயே முடியாது. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் சொல்கிறேன், இதை மட்டும் நம்பலாம்.

சைதூனுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் பக்ருதீன் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறார். அவள் போவது பெருமாள்சாமியின் மசாலா மில்லுக்கு. எங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். முதலில் மிளகாய்க் காம்பு கிள்ளத்தான் சேர்ந்தாள். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும் வற்றலில் மிளகாய் மட்டுமா இருக்கும்? ஆணி, கம்பித் துண்டு, மாட்டு லாடம், ஒரு தடவை சாவியில்லாத பூட்டு ஒன்றுகூட இருந்தது. இதெல்லாம் அரவைக்குள் போனால் இயந்திரமும் கெடும், நம் வயிறும் கெடும். அதற்காக, மிளகாய் விழுகிற சரிவின் அடியில் காந்தம் வைத்திருப்பார்கள்.

ஒட்டிய இரும்பைத் தினமும் வழித்துப் போடும் வேலை அவளிடம் வந்தது. வேறு யாராவது என்றால் குப்பையில் கொட்டியிருப்பார்கள். சைதூன் வாரத்துக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் என்று போட்டு வைத்தாள். முதலில் கழுத்து வரை நிரம்பிய பாட்டில், ஆறாவது வாரம் பாதிகூட நிரம்பவில்லை.

"வற்றல் சுத்தமாயிருச்சுன்னு சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்றாராம் பெருமாள்சாமி.

"வற்றல் அதேதான் மொதலாளி. காந்தந்தான் சொணங்கிப்போச்சு. வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்துல கொண்டு போய் மாட்டியிருக்காங்க. சூடு ஆகாதுல்ல அதுக்கு?"

காந்தம் விற்ற கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, அவள் சொன்னதையே இன்னும் நீளமாகச் சொன்னார். நியோடிமியம் காந்தங்களில் சாதாரண ரகம் எண்பது டிகிரியைத் தாண்டினால் பலம் இழந்துவிடும். ஆறவைத்தாலும் போனது திரும்பாது. மேலே பூசியிருக்கும் நிக்கல் உரிந்தால் துருப்பிடிக்கும். துளை போடக் கூடாது. அதன் தூள் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் சைதூன் ஏன் என்று கேட்டிருக்கிறாள். அவர் போகும்போது அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டிருந்தார்.

புதிதாக வந்தவை செங்கல் அளவில் இரண்டு கட்டைகள். நேராகப் பிடித்து இழுத்தால், ஒட்டின கட்டையை மூன்று ஆண்கள் சேர்ந்தாலும் பிரிக்க முடியாது. அன்றிலிருந்து அவை சைதூனின் பொறுப்பு. சரிவிலிருந்து கழற்றும் கட்டைகளுக்குத் தனித்தனியாகக் கனத்த மரப்பெட்டி, மில்லின் எதிரெதிர் மூலைகளில். கையில் தோல் கையுறை, பக்ருதீன் தைத்தது. கண்ணுக்கு வெல்டிங்காரர் கண்ணாடி. மோதிரம், கடிகாரம், செல்போன் எல்லாம் வாசலிலேயே. பக்கத்தில் புளிய மரத்து ஆப்பு ஒன்று எப்போதும் கிடக்கும்.

பிறகு பெருமாள்சாமிக்கு மதுரையில் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பலமான காந்தம் நெஞ்சுக்கு அருகில் வந்தால் அந்தக் கருவி, இதயத்தின் போக்கைக் கவனிப்பதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். விலகினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ஆனால் விலகும்வரை என்ன ஆகும் என்பதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். டாக்டர் சீட்டைப் படித்த சைதூன் மறுநாளே காந்தங்களுக்கு முன்னால், தரையின் குறுக்கே மஞ்சள் பெயின்டில் கோடு போட்டாள். முதலாளி கோட்டைத் தாண்டக் கூடாது.

"எம் மில்லுக்குள்ளயே எனக்கு எல்லக்கோடா?" என்று அவர் ஒரு மாதம் முணுமுணுத்தார். ஆனால் தாண்டவில்லை.

போன ஆயுத பூஜைக்கு வருவோம். நானும் சுண்டலுக்காகப் போயிருந்தேன். மற்ற எல்லாரையும் போல இவர்களும் அன்று கருவிகளைக் கழுவித் துடைத்து, ஒரே இடத்தில் குவித்துச் சந்தனம் பூசுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், முதலாளி நடமாடும் பக்கத்தில், மர பெஞ்சு போட்டுச் சிவப்புத் துணி விரித்திருந்தது. ஸ்பேனர், அரிவாள், தராசு, மூட்டை தைக்கும் ஊசி எல்லாம் வரிசையாக ஏறின. ஃபிட்டர் பிரபு மரப்பெட்டிகளைத் திறந்து காந்தங்களையும் கொண்டுவந்துவிட்டார். "அதுகளும் வருசம் பூரா உழைக்கிதுல்ல? இன்னைக்கு லீவுதான, ஒண்ணும் செய்யாது" என்றார். அங்கிருந்த யாரோ, பார்க்க லட்சணமாக இருக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்ல, பிரபு இரண்டாவது கட்டையைப் பெஞ்சில் வைக்கப் போனார். கையிலிருந்து துள்ளிப் போய் மற்றதன் மேல் அறைந்தது. வெடிச் சத்தம். ஒரு சில்லு தெறித்துப் பிரபுவின் தாடையைக் கீறியது. விரல் தப்பியது அவர் குலதெய்வத்தின் தயவு. அவர் காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு, கட்டைகளின் மேல் சந்தனத்தை அப்பினார். எல்லாரும் சிரித்தோம்.

சைதூன் வருடம்தோறும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவாள். அன்றும் வந்தாள். அவள் வாசலில் கால் வைத்தபோது பெருமாள்சாமி எரிகிற சூடத் தட்டோடு பெஞ்சை நோக்கி நடந்துகொண்டிருந்தார். குனிந்து காட்டினால் நெஞ்சுக்கும் காந்தத்துக்கும் ஒரு சாண்தான் இருக்கும்.

"மொதலாளி! நில்லுங்க!"

மணி அடிப்பது நின்றுவிட்டது. பெருமாள்சாமியின் மனைவி மூக்காயிக்கு முகம் சிவந்தது. "ஏத்தா, நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா மறிக்கிறது? சூடம் எரியுதுல்ல!"

"எரியட்டும்மா. மொதலாளி, அந்தச் செவப்புத் துணியில எங் காந்தம் ரெண்டும் இருக்கு. ஒரு எட்டு வைக்காதீக."

"பூச அன்னைக்கு அதுக்கும் லீவு தாயி" என்றார் பெருமாள்சாமி, பிரபு சொன்னதை அப்படியே.

"மிசினுக்குச் சுவிட்ச் இருக்கு, லீவு விடலாம். இதுக்குச் சுவிட்ச் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்?"

மூக்காயிக்குத்தான் முதலில் உறைத்தது. சற்று முன் மறித்தவளைத் திட்டியவர், இப்போது கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து, தட்டோடும் சூடத்தோடும் வாசல் வரை இழுத்துக்கொண்டு போனார்.

"அங்கனயே நின்னு காட்டுங்க மொதலாளி" என்றாள் சைதூன். "சாமிக்குத் தூரத்துப் பார்வ நல்லாத்தான் இருக்கும்."

அவர் வாசலில் நின்று சூடம் காட்டினார்.

அதன் பிறகு அவள் செய்ததைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்தாள். கண்ணாடி, கையுறை போட்டாள். மற்ற இரும்புகளை ஒவ்வொன்றாக அகற்றச் சொல்லி, பிரபுவைத் தவிர எல்லாரையும் வாசல் பக்கம் அனுப்பினாள். கீழ்க் கட்டையைப் பெஞ்சின் ஓரத்து மரச் சட்டத்தோடு சேர்த்து அணைத்து, மேல் கட்டையைத் தூக்காமல், பக்கவாட்டில் தள்ளினாள். விளிம்பு கொஞ்சம் வெளியே வந்ததும் பிரபு ஆப்பைச் செருகினார். மறுபடி தள்ளல். மறுபடி ஆப்பு. விலகியதும் அதை நெஞ்சோடு அணைத்தபடி எதிர் மூலைக்கு நடந்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள். மற்றதும் அதன் மூலைப் பெட்டிக்குப் போனது. அப்புறம்தான் மூச்சு விட்டாள். அதன் பிறகு பழம், பொரி, சுண்டல்.

பூஜை முடிந்ததும் பெருமாள்சாமி பிரபுவை அழைத்து, அந்த மஞ்சள் கோட்டின் மேல் இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னார். இந்த வருடம் பெஞ்சில் காந்தங்களுக்குப் பதிலாக அவற்றின் காலிப் பெட்டிகள் இருக்குமாம். சந்தனம் பெட்டிக்கு.

இதை எழுதி முடித்து சைதூனுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பஸ் கதைக்குச் சிரித்தாள். சூடத் தட்டு வந்தபோது கை நின்றுவிட்டது. கடைசியில், "எல்லாம் சரிதான் டீச்சர், ஒரு எடத்த மட்டும் திருத்திருங்க" என்றாள்.

"எந்த இடம்?"

"அந்த 'யாரோ'. பிரபு அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு, நான்தான் வெளிய சொல்ல வேணாம்னேன். வடக்கும் தெக்கும் எம்புட்டு அழகா ஒட்டும் பாரு, பக்கத்துல வையின்னு சொன்னது நீங்கதானாம்."